விளையாட்டுத்தனமான வடிவமைப்புக்குத் தமிழ், ஆங்கிலத் தலைப்பு எழுத்துருக்களை இணைப்பது எப்படி?

கதைவண்டி:

வணக்கம். எங்கள் பகுதியில் இயங்கும் சிறுவர் நூலகத்தில் இந்தக் கோடை விடுமுறையில் ‘கதைக் கூடாரம்’ என்ற பெயரில் கதை சொல்லும் நிகழ்ச்சி நடத்தவிருக்கிறோம். அதற்காக ஏ3 அளவில் ஒரு சுவரொட்டி, வாயிலில் கட்டுவதற்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர், குழந்தைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டைகள், உள்ளே மாட்டுவதற்கு அக்ரிலிக்கில் வெட்டிய எழுத்துகள், பதிவு செய்வதற்கு ஓர் இணையப் பக்கம் ஆகியவற்றை நானே வடிவமைக்கிறேன். தமிழ் முதன்மை, ஆங்கிலம் அதற்குத் துணை.

ஆங்கிலத்துக்கு லக்கியஸ்ட் கய், பசிஃபிகோ ஆகிய இரண்டு எழுத்துருக்களையும் இணைத்துப் பார்த்தேன், துள்ளலாக இருந்தது. ஆனால் அவற்றிலேயே தமிழைத் தட்டச்சு செய்தபோது அலுவலகச் சுற்றறிக்கையில் வரும் எழுத்தைப் போன்ற ஒன்றுதான் திரையில் தோன்றியது. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே குதூகலம் தெரிய வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்? தலைப்புக்கு ஒன்று, துணைத் தலைப்புக்கு ஒன்று என இரண்டு அலங்கார எழுத்துருக்களைச் சேர்த்துப் பயன்படுத்தலாமா?

வளைகோடு:

தொடக்கப் புள்ளியை மாற்றினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும், நண்பரே. இருமொழிப் பணியில் தமிழ் எழுத்துருவை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற ஆங்கில எழுத்துருவைத் தேட வேண்டும். ஆங்கிலத்தில் விளையாட்டுத்தனமான எழுத்துருக்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. தமிழில், யூனிகோடில், உரிமச் சிக்கலின்றிக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தெரிவு குறைவாக உள்ள பக்கத்தை முதலில் உறுதி செய்துகொண்டால், தெரிவு மிகுந்த பக்கத்தில் பொருத்தமானது கிடைக்காமல் போகாது. நீங்கள் பார்த்த சுற்றறிக்கை எழுத்துக்குக் காரணம் எளிது: லக்கியஸ்ட் கய், பசிஃபிகோ இரண்டிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. எனவே கணினி தன்னிடம் உள்ள லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்களில் ஒன்றை அந்த இடத்தில் இட்டு நிரப்பியிருக்கும்.

கூகுள் எழுத்துருக்களில் உங்கள் பணிக்குப் பொருந்துபவை என்று நான் கருதுவனவற்றைச் சொல்கிறேன். முதலாவது பலூ தம்பி 2. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினரின் பலூ வரிசையில் தமிழுக்கான எழுத்துரு இது. தடித்த, உருண்ட, கொழுகொழுவென்ற வடிவம். 400 முதல் 800 வரை ஐந்து பருமன்கள் உண்டு; எண் கூடக் கூட எழுத்து தடிக்கும். இரண்டாவது காய்னி: ஒரே பருமன், நன்றாகத் தடித்த உருண்டை எழுத்து, தலைப்பைத் தவிர வேறெதற்கும் உதவாது. மூன்றாவது, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர்; சாய்ந்த கையெழுத்துப் பாணி, இதுவும் ஒரே பருமன்தான். நான்காவது அரிமா, முனைகள் மென்மையாக உருண்டவை, மெல்லிய பருமனிலிருந்து தடித்தது வரை கிடைக்கிறது. இவற்றுக்கு அடியில் அமைதியாக நிற்க ப்ரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் அல்லது ஏக் டைப்பின் முக்தா மலர் போதும்.

இரண்டு அலங்கார எழுத்துருக்களைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சேர்க்கலாம்; ஆனால் ஒன்று ஆட வேண்டும், மற்றொன்று அதற்குத் தாளம் போட வேண்டும். இரண்டும் ஆடினால் பார்ப்பவரின் கண் எதில் நிற்பது என்று தெரியாமல் இரண்டையுமே விட்டுவிடும். காய்னியையும் பலூ தம்பியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: இரண்டும் தடித்தவை, இரண்டும் உருண்டவை, ஆனால் வளைவுகள் ஒன்றுபோல் இல்லை. பார்ப்பவருக்கு அது இணையாகத் தோன்றாது. ஓர் எழுத்துருவைத் தவறுதலாக மாற்றிவிட்டதாகவே தோன்றும். அதே பலூ தம்பியின் 800 பருமனில் ‘கதைக் கூடாரம்’ என்று வைத்து, அதன்கீழ் ‘ஞாயிறு மாலை, வாங்க கதை கேட்கலாம்’ என்பதைக் கவிவாணரில் வையுங்கள். ஒன்று தடித்து நிமிர்ந்து நிற்கிறது, மற்றொன்று மெலிந்து சாய்கிறது. வேறுபாடு வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது முதல் பார்வையிலேயே புரிகிறது. ஒரு நல்ல இணைக்கு இந்தத் தெளிவான வேறுபாடு ஒன்றும், இரண்டையும் கட்டிவைக்கும் ஒற்றுமை ஒன்றும் வேண்டும்.

தமிழாசிரியை:

வாசிக்கப் போகிறவர்கள் குழந்தைகள் என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லை முழுமையாகக் கண்டு வாசிப்பதில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கிறார்கள். பெரியவர்களான நாம் சூழலை வைத்து ஊகித்துக் கடந்துவிடும் இடங்களில் அவர்கள் நின்றுவிடுவார்கள். எனவே ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் சில எழுத்துகளை அருகருகே தட்டச்சு செய்து பார்ப்பது நல்லது. றன்னகரத்துக்கு இரண்டு சுழி, டண்ணகரத்துக்கு மூன்று சுழி. மிகத் தடித்த எழுத்துருக்களில் இந்தச் சுழிகள் அடைத்துக்கொண்டு ன, ண இரண்டும் ஒரே கருப்புத் திட்டாகத் தெரியும். ரகரத்தின் வால் போதிய அளவு இறங்காவிட்டால் அது துணைக்காலாகத் தெரியும். ‘கூடாரம்’ என்ற உங்கள் சொல்லிலேயே துணைக்காலும் ரகரமும் அடுத்தடுத்து வருகின்றன, கவனித்தீர்களா? எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்துக் காட்டும் சிறு கோடும் சுழியும் அலங்காரத்தில் கரைந்துவிடாமல் இருக்க வேண்டும்.

பெயர் அட்டைகளில் இது இன்னும் முக்கியம். ஸ்ரீ, ஜ, ஷ, ஹ, ஸ ஆகியவை இல்லாத பெயர்ப் பட்டியலே இன்று ஒரு வகுப்பில் கிடையாது. ஒரு குழந்தையின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் அச்சாகி வந்தால் அந்தக் குழந்தைக்கு அது புரியும். முழுப் பட்டியலையும் ஒருமுறை அந்த எழுத்துருவில் இட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கதைவண்டி:

மிக்க நன்றி அம்மா. பெயர்ப் பட்டியலை இன்றே இட்டுப் பார்க்கிறேன். வளைகோடு ஐயாவிடம் ஒரு துணைக் கேள்வி: ஆங்கிலச் சுவரொட்டிகளில் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு நிறத்தில், மேலும் கீழுமாகத் துள்ளுவது போல் வைக்கிறார்கள். அதைத் தமிழில் செய்தபோது ‘கொண்டாட்டம்’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு பச்சையாகவும் ககரம் சிவப்பாகவும் துணைக்கால் மஞ்சளாகவும் வந்துவிட்டன. இப்படி விடலாமா?

வளைகோடு:

விடக்கூடாது. ‘கொ’ என்பது வாசிப்பவருக்கு ஓர் எழுத்து. கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்தே நிறம் மாற வேண்டும், சேர்ந்தே துள்ள வேண்டும், சேர்ந்தே சாய வேண்டும். புள்ளிக்கும் இதே விதிதான்: ‘ண்’ என்பதில் ணகரம் நீலமென்றால் புள்ளியும் நீலம். எழுத்துகளை வளைவுக் கோடுகளாக, அதாவது தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வரைந்த வடிவமாக, மாற்றிய பின், ஒவ்வோர் உயிர்மெய்யின் உறுப்புகளையும் தேர்ந்து ஒரு குழுவாகக் கட்டிவிட்டு, அந்தக் குழுவை நகர்த்துங்கள். ஐந்து ஆறு பாகைக்கு மேல் சாய்த்தால் கொம்பு முந்தைய எழுத்தின் மேல் ஏறிவிடும், அதற்குள் நிறுத்துங்கள். எழுத்திடைவெளியைக் கூட்டும்போதும் இதே கவனம் தேவை. சில மென்பொருள்கள் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தாகக் கருதி மெய்யிலிருந்து விலக்கிவிடுகின்றன.

துள்ளும் வரியைச் சுவரொட்டியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள் என்பது என் பரிந்துரை.

அச்சுக்கூடம்:

சிறிய அச்சகம் நடத்துபவன் என்ற முறையில் மேலே சொல்லப்பட்டதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இத்தகைய பணிக்கு இரண்டு எழுத்துரு தேவையே இல்லை என்பது என் எண்ணம். பலூ தம்பி 2 எழுத்துருவிலேயே ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன. ஒரே கையால் வரையப்பட்டவை போல உயரமும் தடிமனும் பொருந்தி நிற்கின்றன. தலைப்புக்கு 800, துணைத் தலைப்புக்கு 600, நாள், நேரம், இடம் போன்ற விவரங்களுக்கு 400 என்று பருமனை மாற்றினாலே வேறுபாடு கிடைத்துவிடும். இரண்டு மூன்று எழுத்துரு கலந்து வரும் கோப்புகளில்தான் பெரும்பாலும் ஏதாவது ஒன்று விடுபட்டு, அச்சு ஓடும் நேரத்தில் தொலைபேசி அழைப்பு போகிறது.

எழுத்துரு எதுவாயினும் சில அச்சுக் குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவதாக, ஒரே பருமன் கொண்ட காய்னி, கவிவாணர் போன்றவற்றில் மென்பொருளின் ‘போல்டு’ பொத்தானை அழுத்தாதீர்கள். அது உண்மையான தடித்த வடிவத்தைத் தருவதில்லை. இருக்கும் கோட்டின் ஓரத்தைப் பருக்கச் செய்கிறது. ஞகரம், ணகரம், னகரம் ஆகியவற்றின் சுழிகள் உடனே அடைத்துக்கொள்ளும். இரண்டாவதாக, எழுத்தைச் சுற்றி வெள்ளையோ கருப்போ கோடு கட்டுவது குழந்தைகளுக்கான பேனரில் எல்லாரும் விரும்புவது. பருமனை நகர்த்தி மாற்றும் வசதியுள்ள வேரியபிள் எழுத்துருவில் அப்படிக் கோடு கட்டினால், எழுத்தின் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் உள்ளே குறுக்குக் கோடுகள் தெரியும். வளைவாக மாற்றி, எல்லா உறுப்புகளையும் ஒன்றாக இணைத்த பிறகே கோடு கட்ட வேண்டும். அந்தக் கோடும் எழுத்துக்குப் பின்புறம் அமைய வேண்டும்; முன்புறம் அமைந்தால் எழுத்தின் தடிமனைத் தின்றுவிடும்.

இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழ் இடுவோர், எழுத்தின் உறுப்புகளைச் சரியான வரிசையில் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இட்டால் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் அறியாத ஒருவர் கோப்பைக் கடைசியாகத் திறந்து சேமித்தால் அது அப்படியே அச்சுக்கும் வந்துவிடும். எங்களுக்கு அனுப்பும்போது வளைவாக மாற்றிய பிடிஎஃப் கோப்பு ஒன்றும், திருத்தக்கூடிய மூலக் கோப்பு ஒன்றும் சேர்த்து அனுப்புவதே பாதுகாப்பு.

வளைகோடு:

அச்சுக்கூடம் ஐயா சொல்வதைப் பேனருக்கு முழுமையாக ஏற்கிறேன். சாலையில் போகிறவர் ஓரிரு நொடிகளில் வாசிக்க வேண்டியதில் ஒரே குடும்பத்தின் தடித்த பருமனே போதும். பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்துயரம் என்பது பெயர்ப்பலகைத் தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. சுழி மிகுந்த தமிழுக்கு அதைவிடச் சற்றுக் கூட்டியே வைக்கலாம்.

ஆனால் சுவரொட்டியை அருகில் நின்று பார்க்கிறார்கள். அங்கே ஒரே எழுத்துருவின் மூன்று பருமன்கள் ஒழுங்கைத் தரும். கதை சொல்லும் குரலைத் தராது. ‘வாங்க கதை கேட்கலாம்’ என்று அழைக்கும் வரி யாரோ கைப்பட எழுதியது போல இருந்தால்தான் அது அழைப்பாகிறது. நம் திரைப்படச் சுவரொட்டிகளிலும் வார இதழ்களின் கதைத் தலைப்புகளிலும் ஓவியர்கள் பல்லாண்டுகளாகக் கையால் எழுதி வந்த தலைப்பெழுத்துகளை நினைத்துப் பாருங்கள். கதையின் தன்மைக்கேற்ப எழுத்தே நடுங்கும், வளையும், குதிக்கும். அதன் அடியில் எழுதியவர் பெயர் மட்டும் அமைதியான அச்செழுத்தில் இருக்கும். எழுத்துரு இணை என்று நாம் இன்று பேசுவதை அவர்கள் தூரிகையால் செய்திருக்கிறார்கள். அந்த மரபைக் கைவிட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் அடக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆங்கில எழுத்தை அருகில் வைக்கும்போது உயரத்தைப் புள்ளி அளவை நம்பி முடிவு செய்யாதீர்கள். இரண்டையும் 60 புள்ளியில் வைத்தாலும் ஓர் எழுத்துரு பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தெரிவது இயல்பு. பகரத்தையோ மகரத்தையோ ஒரு வரியில் வைத்து, பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்றையும் சிறிய எழுத்து ஒன்றையும் வையுங்கள். தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாததால், பகரத்தின் உயரம் அவ்விரண்டுக்கும் நடுவில் விழும்படி ஆங்கிலத்தைச் சுருக்குங்கள். லக்கியஸ்ட் கய் முழுவதும் பெரிய எழுத்து வடிவங்களே கொண்டது. அதைத் தமிழின் அதே அளவில் வைத்தால், தமிழ் முதன்மை என்று நீங்கள் சொன்னது பக்கத்தில் தலைகீழாகிவிடும். அந்த எழுத்துரு வேண்டுமென்றால் நன்றாகச் சுருக்கி, ஒரு வரி மட்டும் வையுங்கள். பசிஃபிகோ எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்து ஓடுபவை. இடைவெளி கூட்டினாலோ முழுவதும் பெரிய எழுத்தில் இட்டாலோ அந்தக் கோவை அறுந்துவிடும். கவிவாணரின் சாய்வோடு அது இசைந்து போகும் என்பதால் ஆங்கிலத் துணை வரிக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

வரி இடைவெளியைப் பற்றியும் ஒன்று. ஆங்கிலத் தலைப்புகளில் இரண்டு வரிகளை நெருக்கி அடுக்குவது அழகு. தமிழில் மேல்வரியின் தகரமும் ழகரமும் ‘கூ’வும் கீழே இறங்கும், கீழ்வரியின் புள்ளியும் விலங்கும் மேலே ஏறும், நெருக்கினால் இரண்டும் மோதும். ‘கதைக்’ மேல்வரியிலும் ‘கூடாரம்’ கீழ்வரியிலும் வந்தால் தகரத்தின் இறக்கம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கீழே ஒரு வெற்றிடம் கிடைத்தால் அதில் அந்த வால் இறங்கட்டும். அப்படி இரண்டு வரிகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்போது, எந்த மென்பொருளும் தராத விளையாட்டு தானாகவே வந்துவிடுகிறது.

பனையோலை:

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ச்சங்க விழாக்களுக்கு அழைப்பிதழ் செய்யும்போது பாமினி விசைப்பலகையில் இயங்கும், யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களையே இன்னமும் பாவிக்கிறோம். அவற்றில் சுழித்த, பூப்போட்ட, நிழல் விழுந்த எழுத்துகள் ஏராளமாக உண்டு. யூனிகோடில் அந்த வகை இன்னும் வந்து சேரவில்லை. கதைவண்டி அவர்கள் அவற்றில் ஒன்றைத் தலைப்புக்கு எடுத்து, யூனிகோட் எழுத்துரு ஒன்றோடு இணைத்தால் என்ன குறை?

அச்சுக்கூடம்:

தலைப்புக்கு மட்டும் என்றால் குறை ஒன்றும் இல்லை, ஐயா. அந்த ஒரு சொல்லை இட்டு, வளைவாக மாற்றிவிட்டால் அது படம்தான். எந்தக் குறியாக்கத்தில் பிறந்தது என்று பிறகு யாருக்கும் தெரியப் போவதில்லை. எங்கள் கடைக்கு வரும் கோரல்டிரா கோப்புகளில் பாதி அப்படித்தான் வருகின்றன. விவரப் பகுதியை மட்டும் அவற்றில் இடவேண்டாம். பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒருவர் முகவரியைப் படியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த புரியாத வரி ஒன்றே போய்ச் சேரும், தேடினாலும் கிடைக்காது.

உரிமத்தையும் பாருங்கள். பழைய எழுத்துருக்கள் பலவும் குறுந்தகட்டிலிருந்து குறுந்தகட்டுக்குப் போய் வந்தவை. யாருடையது, என்ன நிபந்தனை என்ற விவரம் கூடவே வருவதில்லை. பலூ தம்பி, கவிவாணர் போன்றவை ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வெளியானவை. அச்சிலும் இணையத்திலும், கட்டணம் வாங்கும் நிகழ்ச்சியிலும்கூடத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம், எழுத்துருவைத் தனியாக விலைக்கு விற்கக்கூடாது.

இணையத்தச்சர்:

இணையப் பக்கத்துக்குச் சுருக்கமாக. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் எழுத்துருப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது ஆங்கில எழுத்துருவை முதலிலும் தமிழ் எழுத்துருவை அடுத்தும் எழுதுங்கள். பலூ தம்பி போன்ற தமிழ் எழுத்துருக்களில் ஆங்கிலமும் இருப்பதால், தமிழை முதலில் எழுதினால் ஆங்கிலமும் அதிலேயே வந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த இணை மறைந்துவிடும். யூனிகோட் வரம்பைக் குறிப்பிட்டு, தமிழுக்கு மட்டும் இந்தக் கோப்பு என்று வரையறுத்துவிடுவது இன்னும் உறுதியானது. வளைகோடு ஐயா சொன்ன உயரப் பொருத்தத்தை சைஸ் அட்ஜஸ்ட் என்ற விவரிப்பால் உலாவியிலேயே செய்துவிடலாம். தேவையான பருமன்களை மட்டும் ஏற்றுங்கள். ஐந்தையும் ஏற்றினால், சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறக்கும் பெற்றோர் சிறிது நேரம் பழைய சுற்றறிக்கை எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கதைவண்டி:

அனைவருக்கும் நன்றி. இதுவரை எடுத்த முடிவுகள்: பேனர் முழுவதும் பலூ தம்பி 2. சுவரொட்டியில் தலைப்பு பலூ தம்பி 800, அழைப்பு வரி கவிவாணர், ஆங்கிலத் துணை வரி பசிஃபிகோ, விவரங்கள் முக்தா மலர். பெயர் அட்டைகளைப் பலூ தம்பி 600 பருமனில் வைத்துப் பார்த்தேன். 800இல் ஓரளவு அடைத்துத் தெரிந்த ணகரச் சுழிகள் இதில் தெளிவாகத் திறந்திருக்கின்றன, பட்டியலில் இருந்த ஸ்ரீயும் ஷகரமும் சரியாக வந்தன.

அக்ரிலிக் மட்டும் மீதி இருக்கிறது. ‘கதைக் கூடாரம்’ என்பதை மூன்று மில்லிமீட்டர் தகட்டில் லேசரால் வெட்டிச் சுவரில் ஒட்டலாம் என்று எண்ணுகிறேன். அதற்கும் இதே கோப்பு போதுமா?

அச்சுக்கூடம்:

அப்படியே அனுப்பாதீர்கள். இரண்டு இடங்களில் திருத்தம் வேண்டும். தலைப்பில் ‘க்’, ‘ம்’ இரண்டிலும் புள்ளி தனித் துண்டாக வெட்டுப்பட்டு விழும். ஒட்டும்போது எந்த உயரத்தில், எந்த இடத்தில் என்பதை ஒட்டுபவர் கண் அளவில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். எனவே புள்ளிகளின் இடம் குறித்த உண்மை அளவுக் காகித அச்சு ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். அதைச் சுவரில் ஒட்டி, அதன்மேல் எழுத்துகளை வைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுக்கலாம். புள்ளியை ஒரு மெல்லிய காம்பால் எழுத்தோடு இணைப்பவர்களும் உண்டு. கம்பியில் தொங்கவிடும் எழுத்துகளுக்கு அதுவே வழி. சுவரில் ஒட்டுவதற்கு வேண்டாம், வாசிக்கும் குழந்தைக்கு அந்தக் காம்பு எழுத்தின் உறுப்பாகத் தெரியும்.

மற்றொன்று, ‘தை’யின் இணைக்கொம்பு. அது தகரத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும். ‘டா’வின் துணைக்காலும் அப்படித்தான். ஆசிரியை அம்மா சொன்ன ரகரக் குழப்பம் இங்கே இன்னும் கூடும், ஏனெனில் ஒட்டுபவர் காலைச் சற்று வலப்புறம் தள்ளிவிட்டாலே ‘கூட’, ‘ரரம்’ என்று பிரிந்துவிடும். கொம்பையும் காலையும் அவற்றுக்குரிய மெய்யோடு அடிக்கோட்டில் ஒட்டவைத்து, மூன்று மில்லிமீட்டர் தகட்டுக்கு அந்த இணைப்பு குறைந்தது நான்கைந்து மில்லிமீட்டர் அகலம் இருக்கும்படி கோப்பில் திருத்திவிடுங்கள். உள்ளே விழும் சுழித் துண்டுகளை எடுத்துவிடலாம். அவை ஒட்டவேண்டியவை அல்ல. திருத்திய கோப்பை இந்த இழையிலேயே இடுங்கள், வெட்டுக்கு அனுப்பும் முன் பார்த்துச் சொல்கிறேன்.